பள்ளியோடு நின்றுபோன சங்கப் பாடலை மறுபடி எங்கே தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 46. பள்ளியில் செய்யுள் என்றால் மனப்பாடம், அருஞ்சொற்பொருள், நெடுவினா என்பதோடு சரி. இப்போது ஆசைப்பட்டுக் குறுந்தொகை உரைநூல் ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகத்தான் தொடங்கினேன். பதவுரையைப் படித்தால் பாட்டு மறந்துபோகிறது, பாட்டுக்குத் திரும்பினால் பொருள் மறந்துபோகிறது. பதினொன்றாம் பாட்டோடு நின்றுவிட்டது. எங்கே தவறு? ஒரு நாளைக்கு எவ்வளவு படிக்கலாம்? எந்த வரிசையில்?

பதில்: முதல் தவறு, முதல் பக்கத்திலிருந்து தொடங்கியது. குறுந்தொகை தொகைநூல். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு, இருநூறுக்கு மேற்பட்ட புலவர்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் கதைத் தொடர்ச்சி கிடையாது. முதல் பாட்டே முருகன் அவுணரை அழித்த செய்தியோடு தொடங்குகிறது; புதிதாக வருபவருக்கு அது நல்ல வாசல் இல்லை.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. நீங்கள் உரையைப் படித்துவிட்டு, அது பாட்டில் இருக்கிறதா என்று சரிபார்க்கிறீர்கள். தேர்வுக்குப் படித்த பழக்கம். அப்படிப் படித்தால் பாட்டு தங்காது, ஏனென்றால் உங்கள் மனம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் பாட்டு, பிறகு உங்கள் சொந்த உரைநடை, கடைசியில்தான் உரையாசிரியர்.

ஒரு பாட்டை எடுத்துச் செய்து பார்ப்போம். குறுந்தொகை 25, கபிலர்:

யாரும் இல்லை; தானே கள்வன்;
தான் அது பொய்ப்பின், யான் எவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறு பசுங் கால
ஒழுகு நீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே.

முதலில் மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பொருள் பற்றிக் கவலை வேண்டாம். நான்காம் அடி குட்டையாக இருப்பது காதுக்குத் தெரியும். மற்ற அடிகளுக்கு நான்கு சீர், அதற்கு மட்டும் மூன்று. இது நேரிசை ஆசிரியப்பா. கடைசிக்கு முந்தைய அடி முச்சீராக வருவது இலக்கணம். ஆனால் இங்கே அந்தக் குட்டை அடியில் குரல் ஒரு கணம் தட்டி நின்ற பிறகுதான் ‘குருகும் உண்டு’ வருகிறது. கண்ணால் மட்டும் படிப்பவருக்கு இந்தத் தயக்கம் கிடைக்காது.

அடுத்து, தெரியாத சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஆரல் விலாங்கு போல நீண்ட ஒரு மீன். குருகு கொக்கு, நாரை இனப் பறவை. ஞான்று என்றால் நாள். அவ்வளவுதான். உண்மையில் தடுக்குவது தெரியாத சொல்லைவிட, தெரிந்ததுபோல் தோன்றும் சொல். ‘எவன்’ இங்கே எந்த ஆள் என்று கேட்கவில்லை. ‘என்ன’ என்று கேட்கிறது. ‘செய்கோ’ என்பது செய்கு + ஓ. செய்கு என்றால் செய்வேன். ஆக, ‘யான் எவன் செய்கோ’ என்றால் ‘நான் என்ன செய்வேன்?’ ‘செய்கோ’வை அகராதியில் அப்படியே தேடினால் கிடைக்காது, விகுதியைக் கழற்றிவிட்டுத் தேட வேண்டும்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: யார், யாரிடம், என்ன நிலைமையில் பேசுகிறார்? இந்தப் பாட்டில் ஒரு பெண், தன்னோடு இரகசியமாகக் கூடியவன் திருமணத்தைத் தள்ளிப்போடும்போது தோழியிடம் பேசுகிறாள். இவ்வளவு தெரிந்ததும் உங்கள் சொந்தத் தமிழில் இரண்டு மூன்று வாக்கியம் எழுதுங்கள். ‘அன்றைக்கு அங்கே யாரும் இல்லை. இருந்தது அந்தத் திருடன் மட்டும்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் மாதிரிக் கால்கள் உள்ள ஒரு குருகும் இருந்தது, ஓடுகிற தண்ணீரில் ஆரலைப் பார்த்துக்கொண்டு.’

இப்படி எழுதும்போதுதான் கவனிப்பீர்கள்: யாரும் இல்லை என்று தொடங்கியவள், உண்டு என்று முடிக்கிறாள். சாட்சி இருந்தது, ஆனால் அது பேசாது. அதைவிட, அது இவர்களைப் பார்க்கவே இல்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘குருகும்’ என்ற அந்த ‘உம்’மில் இருக்கிற திகிலைப் பதினைந்து வயதில் யாரும் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஒருவர் சொன்ன வாக்கை மட்டும் நம்பி நின்ற அனுபவம் உள்ளவருக்கு அது உடனே பிடிபடும்.

இதற்குப் பிறகு உரையைத் திறங்கள். உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பு மாதிரியான விரிவான உரையில் பல பகுதிகள் இருக்கும். பதவுரையோடு நீங்கள் எழுதியதை ஒப்பிடுங்கள். ‘முடிபு’ என்று ஒரு வரி வரும்; எந்தச் சொல் எந்தச் சொல்லோடு போய் முடிகிறது என்பதை அது சொல்லும். பலரும் தாண்டிப்போகும் அந்த வரிதான் தொடக்கநிலையில் அதிகம் உதவும். மேற்கோளாட்சி (இந்தப் பாட்டைப் பிற நூலுரைகள் எடுத்துக்காட்டிய இடங்கள்), ஒப்புமைப் பகுதி (பிற நூல்களில் உள்ள ஒத்த அடிகள்) இரண்டையும் முதல் ஆறு மாதம் கண்டுகொள்ள வேண்டாம். அவை ஆய்வாளருக்கானவை, நீங்கள் பதினொன்றாம் பாட்டில் களைத்ததற்கு அவையும் காரணமாக இருக்கலாம்.

உரையாசிரியரோடு உங்கள் பொருள் மாறுபட்டால் கூனிக் குறுக வேண்டியதில்லை. குறுந்தொகைக்குப் பேராசிரியர் 380 பாட்டுக்கும் நச்சினார்க்கினியர் 20 பாட்டுக்கும் உரை எழுதியதாக ஒரு செய்தி உண்டு. இரண்டுமே கிடைக்கவில்லை. நூல் முதலில் அச்சேறியது 1915இல், சௌரிப்பெருமாள் அரங்கன் உரையோடு. ஆகவே நம் கையில் இருக்கும் உரைகள் எல்லாம் இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் எழுந்தவை. பாட்டின் அடியில் உள்ள ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்ற குறிப்பும் பாட்டின் பகுதி அன்று, பிற்காலத்தவர் சேர்த்தது. பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்போதாவது பாட்டைக் குறுக்கிவிடும்.

இனி, தொடக்கத்துக்குப் பத்துப் பாட்டு: குறுந்தொகை 3, 6, 18, 25, 27, 28, 40, 49, 58, 167. எல்லாம் சிறியவை. இந்தப் பத்தையும் மேலே சொன்ன முறையில் செய்தால், சங்கத் தமிழில் வழக்கமாகக் கால் இடறும் இடங்களில் பாதியைத் தாண்டிவிடுவீர்கள்.

உதாரணமாக, 3ஆம் பாட்டில் ‘வானினும் உயர்ந்தன்று’ என்று வரும். இன்றைய காதுக்கு ‘உயரவில்லை’ என்று கேட்கும். பொருள் நேர்மாறு: உயர்ந்தது. ‘அன்று’ அங்கே இறந்தகால வினைமுற்றின் முடிவு, எதிர்மறை அல்ல. அதே பாட்டில் ‘ஆர் அளவின்று’ என்றால் அரிய அளவினை உடையது. மூன்று பாட்டு தள்ளி, 6இல் ‘முனிவின்று’ என்று வருகிறது. இங்கே அதே ‘இன்று’ இல்லாமையைக் குறிக்கிறது: வெறுப்பில்லாமல். ஒரே உருவம், ஒன்று உடையது, ஒன்று இல்லாதது. இதற்குக் குறுக்குவழி எதுவும் கிடையாது. வாக்கியத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 18இல் வேர்ப்பலாவைச் சொல்லிவிட்டு, சிறுகிளையில் பெரும்பழம் ‘தூங்கியாங்கு’ என்பார் கபிலர். தூங்குதல் என்றால் தொங்குதல். 28இல் ஔவையார் ‘முட்டுவேன்கொல், தாக்குவேன்கொல்’ என்னும்போது அந்தக் ‘கொல்’லில் கொலை எதுவும் இல்லை, ‘செய்வேனோ’ என்கிற ஐயம் மட்டும்தான். 58இல் ‘இடிக்கும் கேளிர்’ கண்டித்துப் பேசும் நண்பர். காமம் என்ற சொல் எங்கே வந்தாலும் காதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கொச்சை அதில் ஏறவில்லை.

இப்படி இடறிய சொற்களுக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத சொற்களை எழுதவே வேண்டாம். தெரியும் என்று நினைத்து ஏமாந்தவை மட்டும். ஐம்பது, அறுபது சேர்ந்ததும் வேகம் தானாகக் கூடும். அகராதிக்குத் தற்காலத் தமிழுக்கென்று செய்த அகராதி போதாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வேண்டும்; இணையத்தில் இலவசமாகவே தேடலாம்.

பாட்டு எந்த நிலத்தது என்று தெரிய ஒரு எளிய அடையாளம், தலைவனை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பது. நாடன், வெற்பன் என்றால் பெரும்பாலும் குறிஞ்சி. ஊரன், மகிழ்நன் என்றால் மருதம். சேர்ப்பன், துறைவன், கொண்கன் என்றால் நெய்தல். 3ஆம் பாட்டு ‘நாடனொடு நட்பே’ என்று முடிகிறது, பாருங்கள்.

அளவு: ஒரு பாட்டுக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு நான்கு பாட்டு. அந்தக் கணக்கில் 401 பாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு. நீளமாகத் தோன்றினாலும் இதைவிட வேகம் வேண்டாம். ஒரே உட்காரலில் ஐந்தாறு படித்தால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்ற ஆரம்பிக்கும்: தலைவி, தோழி, பிரிவு, பசலை. சங்கப் பாடல் சலிக்கிறது என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் ஒரே மூச்சில் அதிகமாகப் படித்தவர்கள். மீதி மூன்று நாளில் பழைய பாட்டுகளை உரையில்லாமல் வாய்விட்டுப் படியுங்கள். புரியாமல் போன இடத்தைக் குறித்துவைத்தால் போதும்.

பதிப்பைப் பொறுத்தவரை, மூலம் சந்தி பிரித்து அச்சிட்டதாக இருக்கட்டும். ‘யானெவன்’ என்பதை ‘யான் எவன்’ என்று காட்டும் பதிப்பு. மர்ரே எஸ்.ராஜம் பதிப்பு இந்த வகையில் பெயர்பெற்றது. சீர் எண்ணிப் பார்க்க மட்டும் பிரிக்காத பாடம் உதவும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் மூலமும் உரையும் கிடைக்கின்றன. மதுரைத் திட்டத்தில் மூலம் உண்டு. திரையில் படிப்பதானால் அன்றைய பாட்டைக் கையால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு திரையை மூடிவிடுங்கள். உரை கண்ணெதிரே இருந்தால் கை தானாக அங்கே போய்விடும்.

குறுந்தொகையில் நாற்பது, ஐம்பது பாட்டு முடிந்ததும் ஐங்குறுநூறு. மூன்று முதல் ஆறு அடி. பத்துப் பத்தாக அமைந்திருப்பதால் ஒரே தொடரோ பொருளோ பத்துப் பாட்டிலும் திரும்பி வரும். சொல்வளம் கூட இதைவிட நல்ல நூல் இல்லை. இங்கே ஒரு பத்தை ஒரே நாளில் படிக்கலாம்.

புறநானூற்றுக்கு முறை மாறும். அங்கே பாட்டின் கீழுள்ள குறிப்பை முதலில் படியுங்கள். 112ஆம் பாட்டில் ‘அற்றைத் திங்கள்’ என்று பேசுபவர்கள் பாரியின் மகள்கள், தந்தையையும் குன்றையும் இழந்தவர்கள் என்பது தெரியாவிட்டால் பாட்டு வெறும் நிலா வர்ணனையாகிவிடும். 112, 182, 188, 192, 243 என்று தொடங்கலாம். அதில் 243, மடுவில் குதித்து விளையாடிய இளமையைக் கோலூன்றிய கிழவர் நினைத்துப்பார்ப்பது. அந்தக் கோலின் வர்ணனையே புலவருக்குப் பெயராகிவிட்டது: தொடித்தலை விழுத்தண்டினார். பள்ளியில் படித்ததைவிட இப்போது படிக்க வேண்டிய பாட்டு.

அகநானூறு கடைசியில் இருக்கட்டும். 13 முதல் 31 அடி வரை போகும். ஒரே வாக்கியம் பக்கம் முழுக்க நீளும். அதை மேலிருந்து கீழே படித்தால் மூச்சு முட்டும். முதலில் ‘வாழி தோழி’ போன்ற விளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பிறகு கடைசி வினையைப் பிடியுங்கள், அதன்பின் நடுவில் உள்ள அடைமொழிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். இன்னொரு விஷயம்: அதில் ஒற்றைப்படை எண்ணுள்ள 200 பாட்டும் பாலை. வரிசையாகப் போனால் ஒன்றுவிட்டு ஒன்று பாலைவழிதான். 2, 8 என்று முடியும் எண்கள் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 என்று வருபவை நெய்தல். இதை வைத்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

கதையாகப் படிக்கத்தான் ஆசை என்றால் சிலப்பதிகாரத்தை இடையிலேயே தொடங்கலாம், தடையில்லை. ஆனால் மூன்றாவதாக வரும் அரங்கேற்று காதையை முதல் வாசிப்பில் தாண்டிவிடுங்கள். ஆடல், இசை நுணுக்கங்கள் அடர்ந்த பகுதி. பலருடைய புத்தகக் குறி அங்கேயேதான் கிடக்கிறது. முதல் இரண்டு காதை, பிறகு கானல்வரி, அங்கிருந்து கொலைக்களக் காதைக்குப் போய் வழக்குரை காதை வரை நிற்காமல் படியுங்கள். விட்டவற்றுக்கு அடுத்த சுற்றில் வரலாம்.