கரியும் ஊரியும் சொல்லும் வயது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிணறு வெட்டும்போது எட்டடி ஆழத்தில் கரித்துண்டுகள், ஊரிகள், கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடுகள் வந்தன. காபன் 14 முறையில் வயது பார்க்க எதை எடுத்துவைக்க வேண்டும்? (கதிரவெளி)

பதில்: முதலில் வெட்டுவதை நிறுத்தித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். உங்கள் ஊர் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ள இடம். மண்படை கலைந்துவிட்டால், கரியின் வயது தெரிந்தாலும் அது எதனுடைய வயது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றிலும் கரிதான் உகந்தது. அதிலும் கருகிய நெல்மணியோ சிரட்டைத்துண்டோ கிடைத்தால் விடவே கூடாது. காபன் 14 என்பது உயிர்கள் வாழும்போது உடலில் சேரும் கதிரியக்கக் காபன்; சேர்வது நின்றதும் அது மெல்லச் சிதைந்து குறையும். ஆகவே இந்த முறை காட்டுவது அந்த உயிர் காற்றிலிருந்து காபன் எடுப்பதை நிறுத்திய காலத்தை. நெல் ஒரு போகத்தில் விளைந்து முடிகிறது. பாலை, முதிரை மரத்தின் வைரமோ (நடுக்கட்டையோ), மரத்தை வெட்டுவதற்கு நூறு, இருநூறு ஆண்டு முன்பே காபன் எடுப்பதை நிறுத்தியிருக்கும். அந்தக் கரி, அதை எரித்த அடுப்பை உண்மையைவிடப் பழையதாகக் காட்டும்.

ஊரியில் (சிப்பி ஓட்டில்) சிக்கல் அதிகம். கடல்நீரின் காபன் பழையது. கடற்சிப்பி பொதுவாகச் சில நூறு ஆண்டு கூட்டிக் காட்டும்; அந்தக் கூடுதலைக் கழிப்பதே திருத்தம். வாவி ஊரி இன்னும் மோசம்: முகத்துவாரம் அடைபடும்போதும் வெட்டும்போதும் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அளவு மாறும், எனவே திருத்தமும் மாறும். ஆனாலும் ஊரியை வீசிவிட வேண்டாம். ஒரே படையில் கரியும் ஊரியும் சேர்ந்து கிடைத்தால், இரண்டையும் அளந்து வாவிக்குரிய திருத்தத்தையே கணிக்கலாம்.

ஆர்முடுக்கியுடன் இணைந்த திணிவு நிறமாலைமானிக்கு (காபன் 14 அணுக்களை நேரடியாக எண்ணும் கருவிக்கு) 10 முதல் 20 மில்லிகிராம் கரி போதும். உலோகச் சாமணத்தால் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு, ஆழத்தை வெளியே எழுதுங்கள். பஞ்சு, கடதாசி, பசை எதுவும் படக்கூடாது. அவற்றிலும் காபன் உண்டு. ஆய்வுகூடத்தில் வேரிழைகளைப் பொறுக்கியபின் அமிலம், காரம், மீண்டும் அமிலம் என்று கழுவுவார்கள். முதல் அமிலம் சுண்ணாம்பு போன்ற காபனேற்றைக் கரைக்கும்; காரம் மண்ணிலிருந்து ஊறிய இயூமிக் அமிலத்தை (மக்கிய தாவரங்களிலிருந்து வருவதை) நீக்கும்; அந்தக் காரம் காற்றிலிருந்து உறிஞ்சிய காபனீரொட்சைட்டைக் கடைசி அமிலம் வெளியேற்றும்.

கேள்வி: கல்வெட்டு, பொன் நகைக்கு இது உதவுமா? (சம்மாந்துறை)

பதில்: உதவாது. உயிரோடு இருந்த பொருளுக்கே இது பொருந்தும். மட்பாண்டத்தின் களிமண்ணையும் நம்ப முடியாது. ஓட்டில் ஒட்டிய புகைக்கரியையோ கருகிய உணவையோ அளக்கலாம்.

கேள்வி: உயர்தரப் பாடத்தில் அரைவாழ்வுக்காலம் 5730 ஆண்டு. ஆய்வறிக்கைகளில் 5568 என்று இருப்பது ஏன்? 50,000 ஆண்டுக்கு மேல் ஏன் முடியாது? (கல்லடி)

பதில்: அரைவாழ்வுக்காலம் என்பது காபன் 14 பாதியாகக் குறைய எடுக்கும் காலம். 5568 இந்த முறையை உருவாக்கிய லிபி காலத்து மதிப்பு. பழைய அளவீடுகளோடு ஒப்பிட வசதியாக அதையே இன்றும் பயன்படுத்தி, 1950ஐத் தொடக்கமாக வைத்துப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். பிழை தங்காது, ஆண்டு தெரிந்த மரவளையங்களை அளந்து வரைந்த அளவுத்திருத்த வளைகோடு பின்னர் அதைச் சரிசெய்துவிடும்.

50,000 ஆண்டில் ஆரம்பக் காபன் 14இல் ஏறத்தாழ 400இல் ஒரு பங்கே மிஞ்சும். அதில் புதுக் காபன் 1 சதவீதம் கலந்தால் வயது 36,000 வரை சரிந்துவிடும். அதே கலப்பு 2500 ஆண்டுப் பொருளில் சுமார் 30 ஆண்டையே குறைக்கும்.

கேள்வி: 1950க்கு முன் 2450±30 ஆண்டு என்று வந்த ஒரு மாதிரியை கி.மு. 750 முதல் 410 வரை என்று எழுதுகிறார்களே, அளவீடு தவறா? (அக்கரைப்பற்று)

பதில்: அளவீடு சரியே. ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை வளிமண்டலக் காபன் 14 மாறிய விதத்தால் வளைகோடு அங்கே தட்டையாகக் கிடக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு ஒரே எண்தான் வரும். நமது பெருங்கற்காலப் பண்பாட்டின் ஒரு பெரும்பகுதி அங்கேதான் விழுகிறது என்பது வருத்தமான உண்மை. அதனால் ஒற்றைக் கரியை வைத்து நூற்றாண்டைச் சொல்பவரை நம்ப வேண்டாம். மேலிருந்து கீழாக, படைக்கு இரண்டு வீதம் மாதிரி எடுத்து, படைவரிசையையும் (கீழ்ப்படை மேற்படையைவிடப் பழையது என்பதையும்) கணக்கில் சேர்த்தால் இடைவெளி குறுகும். பல வளையங்களுடன் கருகிய மரத்துண்டு கிடைத்தால், உள்வளையம், நடுவளையம், வெளிவளையம் என்று தனித்தனியே அளந்து வளைகோட்டோடு பொருத்துவது இன்னும் நல்லது.