கோடீஸ்வர ஐயரை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி: ஐயா, மேளகர்த்தா என்னும் 72 தாய் ராகங்களிலும் கோடீஸ்வர ஐயர் இயற்றிய கிருதிகளைப் பாடகர் எஸ். ராஜம் பாடிய பதிவுகள் மகன் மூலம் கைக்கு வந்தன. முதல் ராகமான கனகாங்கியில் ஆரம்பித்து வரிசையாகக் கேட்டேன். ஏழாவது பாட்டோடு தலை சுற்றி நிறுத்திவிட்டேன். கோளாறு என் காதிலா, பாட்டிலா?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை)

பதில்: இரண்டிலும் இல்லை அம்மா, வரிசையில்தான். ஏழோடு நிறுத்திவிட்டீர்களே, எட்டாவது தோடி! இன்னும் ஒரு பாட்டு பொறுத்திருந்தால் தெரிந்த தெருவுக்குள் வந்திருப்பீர்கள்.

மேளகர்த்தா வரிசை கணக்குக்காகப் போட்டது. காதைக் கேட்டுப் போட்டதல்ல. முதல் ஏழும் விவாதி ராகங்கள், அதாவது ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசுவதாகச் சொல்லப்படுகிறவை. அவற்றில் முதல் ஆறில் ச, ரி, க மூன்றும் நெரிசல் பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை ஒரே மூச்சில் கேட்டால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். நானும் இதே தப்பைச் செய்தவன். நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த கேசட்டை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போட்டு, இரண்டாவதான ரத்னாங்கி முடிவதற்குள் அணைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.

என் யோசனை: முதலில் 72-ஐ மறந்துவிட்டு அவருடைய ஹம்ஸத்வனி 'வாரணமுக வா'வைக் கேளுங்கள். கச்சேரிகளில் பல தடவை கேட்டிருப்பீர்கள், இவருடையது என்று தெரியாமலே. சாகித்தியம் எப்படி நடக்கிறது என்பது அதில் பிடிபடும். அடுத்து, நேரே 68-க்குத் தாவுங்கள். ஜோதிஸ்வரூபிணி, 'கானமுத பானம்'.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. பேரக்குழந்தையின் கீபோர்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் இடத்துக்கு இடப்பக்கத்து வெள்ளைக் கட்டையை ச என்று வைத்தால், இந்த ராகத்தில் ச, க, ப மூன்று மட்டும்தான் வெள்ளையில் விழும். ரி, ம, த, நி நான்கும் கறுப்பு. ச-வை விட்டு முதல் கறுப்புக் கட்டையையும் அதற்கடுத்த வெள்ளையையும் தாண்டிப் போய் ரி-யைத் தொட வேண்டும். அதிலிருந்து க-வுக்குப் பக்கத்திலேயே ஓர் அடி. நீளத் தாவல், உடனே ஒரு சிற்றடி. விவாதியின் ருசியே இதுதான். விரலால் நாலு தடவை போய் வந்துவிட்டு ராஜம் பாடுவதைக் கேளுங்கள். அவர் அந்த ரி-யில் எங்கே நிற்கிறார், எங்கே தொட்டுவிட்டு ஓடுகிறார் என்பது தானாகக் கேட்கும்.

இதில் கால் ஊன்றிய பிறகு நீதிமதியில் 'மோகனகர முத்துக்குமரா', அதற்குப் பின் கடைசி மேளமான ரசிகப்பிரியாவில் 'அருள் செய்ய வேண்டும்'. வாரத்துக்கு ஒன்று போதும். கனகாங்கி எங்கேயும் ஓடிப்போகாது.

ராஜத்தின் குரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூடத்தை நிரப்பும் குரல் அல்ல அது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் கோடு போட்டுக் காட்டுகிற குரல். கோடு என்றது சும்மா இல்லை. சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் நம் மனதில் வருகிற அந்தப் படங்களை வரைந்தவரும் அவர்தான்.

கேள்வி: விவாதி ராகங்களை வீட்டில் ஒலிக்க விடக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் என் மாமியார். உண்மையா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: என் அப்பாவும் இதே கட்சி. ரேடியோவில் விவாதி ராகமான கானமூர்த்தி வந்தால் எழுந்து போய் அணைத்துவிட்டு வருவார். ஆனால் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகள் வந்துவிட்டால் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த ஐந்தில் முதலாவது நாட்டை. அதன் தாய் 36-வது மேளமான சலநாட்டை, விவாதி. இன்னொன்று வராளி, அதுவும் விவாதி மேளத்தில் பிறந்ததுதான். வராளியை குரு நேராகச் சொல்லிக் கொடுத்தால் சிஷ்யனோடு பிணக்கு வரும் என்று ஒரு பயம் வேறு உண்டு. அப்படியும் திருவையாற்றில் வருஷா வருஷம் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து பாடுகிறார்கள்.

72-இல் 40 விவாதி. பாதிக்கு மேல். அத்தனையையும் ஒதுக்கி வைத்தால் மிச்சம் 32தான். கோடீஸ்வர ஐயர் ஒன்றையும் விடாமல், அதுவும் தமிழில், முருகன் மேல் பாடி வைத்தார். மாமியாரிடம் வாதாட வேண்டாம். நாட்டையில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, காபி கொடுத்துவிட்டு, இதுவும் விவாதிதான் என்று மெல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: கோடீஸ்வர ஐயர் பாட்டுகளில் 'கவி குஞ்சர தாசன்' என்று முத்திரைப் பெயர் வருகிறதே, கவி குஞ்சர பாரதியும் இவரும் ஒருவரா?
(வாசகர், சிவகங்கை)

பதில்: இல்லை. பாரதி தாத்தா, இவர் பேரன். தாத்தாவின் பெயருக்குத் தாசனாகத் தன்னை வைத்துக்கொண்டார். உங்கள் ஊர்ப் பக்கம் பெருங்கரை என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்தக் குடும்பம்.

கேள்வி: பழைய கேசட்டில் இவருடைய பாட்டுகள் சில இருக்கின்றன. போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: ஐயோ, வேண்டாம். கேசட்டின் திறந்த வாயில் நடுவே பாருங்கள், தகட்டின் மேல் சின்னதாக ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் இப்படித்தான் மங்கிக் கேட்கும். திருகாணி போட்ட வேறொரு கேசட்டைக் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் இந்த நாடாவை மாற்றி வையுங்கள். போடுவதற்கு முன் ஒரு தடவை முழுக்க முன்னால் ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். நன்றாகக் கேட்டால் அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். இரவல் மட்டும் கொடுக்காதீர்கள். என் கேசட் ஒன்று இரவல் போய்த் திரும்பி வந்தபோது, ஒரு பக்கம் முழுக்க யாரோ வீட்டுக் கல்யாண நாதஸ்வரம் பதிந்திருந்தது.