தியாகராய நகர்வாசிகள் கேட்டவை: ஓர் ஓய்வுபெற்ற பொறியாளரின் பதில்கள்

சென்னை மாநகராட்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது தியாகராய நகரில் குடியிருக்கிறேன். 1920-களில் பழைய நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து, குடியிருப்புக்கென்றே மனை பிரித்து, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைச் சூட்டிய பேட்டை இது. இன்று தமிழ்நாடே துணியும் நகையும் வாங்க வந்து இறங்கும் இடமாகிவிட்ட போதிலும், கடைகளுக்குப் பின்னால் இன்னும் குடித்தனங்கள் இருக்கின்றன. அந்தக் குடித்தனக்காரர்களிடமிருந்து எங்கள் நலச் சங்கம் திரட்டித் தந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: உஸ்மான் சாலையை ஒட்டிய குறுக்குத் தெருவில் இருக்கிறோம். பின்புறக் கடையின் ஜெனரேட்டர் எங்கள் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. புகையும் சத்தமும் தாங்கவில்லை. கேட்டால், "இது வணிகப் பகுதி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். அது சரியா ஐயா?

சரியில்லை. வணிகப் பகுதி என்றால் வரம்பே கிடையாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. உங்கள் தெரு இவற்றில் எந்த வகை என்பதைத் தெருவில் எத்தனை கடைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) 2008-ஆம் ஆண்டு இரண்டாவது முழுமைத் திட்டத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நில உபயோகம் குறித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உட்தெருக்கள் பலவும் அதில் இன்னும் குடியிருப்பாகவே இருக்கும்.

அதோடு, ஜெனரேட்டருக்கென்று தனி அளவு உண்டு. ஒலித்தடுப்புக் கூண்டுக்குள்தான் அது ஓட வேண்டும். கூண்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்றால் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது. நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்றால், இயந்திரம் சூடாகிறது என்று கூண்டின் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். கதவு திறந்த கூண்டு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சத்தம் 10 டெசிபல் கூடினால் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகைக்குழாய்க்கும் கணக்கு இருக்கிறது. ஜெனரேட்டரின் மின்திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. அளவுக்கு வர்க்கமூலம் எடுத்து 0.2-ஆல் பெருக்கினால் எத்தனை மீட்டர் வருகிறதோ, அது நிற்கும் கட்டடத்தின் உச்சிக்கும் மேலே அத்தனை மீட்டர் குழாய் உயர வேண்டும். 100 கே.வி.ஏ. என்றால் 2 மீட்டர், 250 கே.வி.ஏ. என்றால் சுமார் 3 மீட்டர். ஆறு மாடிக் கடையின் குழாய் முதல் மாடி உயரத்தில் உங்கள் சன்னலைப் பார்த்து வளைந்து நின்றால், அந்த ஒரு புகைப்படமே போதுமான சான்று. கைபேசிச் செயலி காட்டும் டெசிபலை அதிகாரிகள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எந்தெந்தத் தேதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓடியது என்று நீங்கள் எழுதிவைத்த பதினைந்து நாள் குறிப்பைப் படிப்பார்கள். இரண்டையும் இணைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காவல் நிலையத்துக்குப் போனால் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: ஒலிபெருக்கி வைத்து, "வாங்க வாங்க" என்று நாள் முழுக்கக் கூவுகிறார்கள். ஆடித் தள்ளுபடி மாதத்தில் வீட்டில் பேசவே முடியவில்லை.

ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். தனியார் இடத்தில் வைக்கும் ஒலிப் பெட்டியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில், அப்பகுதிக்கு உரிய வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடவே கூடாது. பண்டிகை, கலைநிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள் மட்டும் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். இது காவல்துறையின் வேலை. புகாரில், "அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். கடைக்காரர் பெரும்பாலும் வாங்கியிருக்க மாட்டார்.

கேள்வி: நடைபாதையில் நடக்கவே முடியவில்லை. தள்ளுவண்டிக்காரர்களை மொத்தமாக அப்புறப்படுத்தினால்தான் விடிவு. மாநகராட்சி ஏன் தயங்குகிறது?

தயங்குவதற்குச் சட்டமே காரணம். தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014-இன்படி முதலில் கணக்கெடுப்பு, பிறகு விற்பனைச் சான்றிதழ், அதன் பிறகே இடம் ஒதுக்குவதும் மாற்றுவதும். மாற்றுவதென்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதைப் பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழுவில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருந்தாக வேண்டும். ஒருநாள் லாரியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அள்ளிப் போடுவதைப் பணியில் இருந்தபோது நானும் செய்திருக்கிறேன். மறுநாள் மாலையில் அதே இடத்தில் அதே ஆள், கொஞ்சம் கூடுதல் கடனோடு உட்கார்ந்திருப்பார்.

உங்கள் மனம் கோணாமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் எங்கள் தெருவின் நடைபாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை டேப் பிடித்து அளந்தேன். பழ வண்டி மூன்று. வீட்டு வாசலில் கார் ஏற்றுவதற்காக நடைபாதை மேல் போட்ட சிமெண்ட் சாய்தளம் பதினேழு. அவற்றில் ஒன்று என் வீட்டுடையது, அதை இடித்துவிட்டேன். கடைப் படிக்கட்டு ஆறு, மின்பெட்டி நான்கு, நிரந்தரமாக நிறுத்திய இருசக்கர வாகனங்கள் எண்ணிக்கையில் அடங்கவில்லை. குடியிருப்புச் சாலையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர், கடைவீதியில் 2.5 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு அளவு. எங்கள் தெருவில் முழுசாக 1.8 மீட்டர் கிடைத்த இடம் அந்தப் பழ வண்டிகளுக்குப் பக்கத்தில்தான். 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தியபோது, கார்கள் நின்ற இடத்தை எடுத்துத்தான் நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அகலம் வேண்டுமென்றால் அங்கிருந்துதான் வர வேண்டும்.

கேள்வி: வாசலை மறித்து வண்டி நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் கடைக்குப் போய்விடுகிறார்கள். "நோ பார்க்கிங்" பலகை மாட்டியும் பயனில்லை.

நீங்கள் மாட்டும் பலகைக்குச் சட்ட மதிப்பு இல்லை. ஆனால் பலகை இல்லாவிட்டாலும் வீட்டு வாசலை அடைத்து நிறுத்துவது குற்றமே. போக்குவரத்துக் காவலர் இழுத்துச் செல்லலாம். வண்டி எண் தெரியும்படி, உங்கள் கேட்டும் சேர்ந்து விழும்படி படம் எடுத்து அனுப்புங்கள். சாலையில் கல்லும் பூந்தொட்டியும் வைத்து இடம் பிடிக்காதீர்கள். அது உங்கள் மேல் திரும்பும்.

கேள்வி: குடிநீரில் சாக்கடை வாடை வருகிறது. குடிநீர் வாரிய ஊழியர் வந்து பார்த்து, "உங்கள் வீட்டுத் தொட்டியில்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டார். எதை நம்புவது அண்ணா?

உங்கள் மூக்கை நம்புங்கள் அம்மா, ஆனால் முறையாக நம்புங்கள். தண்ணீர் விடும் நேரத்தில், கீழ்த்தொட்டிக்குள் விழும் முன்பாகவே, தெருக் குழாயிலிருந்து வரும் முதல் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு பாட்டில். அரை மணி கழித்து மூன்றாவது. கடைசியாகச் சமையலறைக் குழாயில் ஒன்று. முதல் பாட்டில் கலங்கி நாறி, மூன்றாவது தெளிந்திருந்தால் பழுது தெருக்குழாயில். தெருப் பாட்டில்கள் மூன்றும் நன்றாக இருந்து சமையலறைத் தண்ணீர் மட்டும் நாறினால், ஊழியர் சொன்னது சரி. பழைய வீடுகளில் கீழ்த்தொட்டிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான் இருக்கும், அதில் விரிசல் விட்டிருக்கும்.

தெருக்குழாயில் ஏன் கலக்கிறது என்றால், நம் ஊரில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. வரும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் விரிசல் வழியே நீர் வெளியே கசியும். நின்ற பிறகு குழாய் காலியாகி, சுற்றியுள்ள மண்ணில் ஊறிக்கிடக்கும் கழிவுநீரை அதே விரிசல் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை திறக்கும்போது அதுதான் முதலில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. யாராவது தெருக்குழாயில் நேராக மோட்டார் பொருத்தி உறிஞ்சினால் இந்த இழுப்பு பல மடங்காகும். அது சட்டவிரோதம்; செய்பவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

குடிநீர் வாரியத்தாரிடம் குளோரின் சோதனைப் பெட்டி இருக்கும். சிறு குப்பியில் உங்கள் தண்ணீரை எடுத்து மருந்து சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் ஏற வேண்டும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நிறமே மாறாவிட்டால் குளோரின் முழுவதையும் ஏதோ ஓர் அசுத்தம் தின்றுவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். ஊழியர் வந்தால் அந்தச் சோதனையை உங்கள் கண் முன்னே செய்யச் சொல்லுங்கள். புகார் எண் 044-4567 4567. சரிசெய்யும் வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

கேள்வி: தெருவில் கழிவுநீர் ஓடுகிறது. மாநகராட்சியைக் கேட்டால் குடிநீர் வாரியம் என்கிறார்கள், வாரியத்தைக் கேட்டால் மாநகராட்சி என்கிறார்கள்.

மூடியைப் பாருங்கள். பெரும்பாலும் சாலை நடுவே இருக்கும் வட்ட மூடி குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை. ஓரத்தில் இருக்கும் சதுர, செவ்வக மூடி மாநகராட்சியின் மழைநீர் வடிகால். வெயில் காலத்தில் சதுர மூடி வழியே நாற்றத்தோடு நீர் வந்தால், யாரோ சாக்கடையைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தை, ஒன்றின் நகல் மற்றொன்றுக்கு என்று அடியில் எழுதி அனுப்புங்கள். ஒருவர் மேல் ஒருவர் தள்ளும் வசதி குறைந்துவிடும்.

கேள்வி: இரவு பதினொரு மணிக்கு உணவகங்கள் எங்கள் தெரு முனையில் மூட்டை மூட்டையாக எச்சிலையைக் கொட்டிவிட்டுப் போகின்றன. காலையில் துப்புரவுப் பணியாளர்கள் எங்களைத்தான் திட்டுகிறார்கள்.

அவர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனம் மொத்தக் குப்பை உற்பத்தியாளர். அதைத் தரம் பிரிப்பதும் அகற்ற ஏற்பாடு செய்வதும் அவர்கள் பொறுப்பு. வீட்டுக் குப்பையோடு கலந்துவிட முடியாது. யார் கொட்டுகிறார்கள் என்று தெரியாவிட்டால் மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். பில் தாளோ பெயர் அச்சிட்ட பார்சல் உறையோ கட்டாயம் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதைப் படமெடுத்து மண்டல சுகாதார அலுவலரிடம் கொடுத்தால் அபராதம் போட அவருக்கு வேறெதுவும் தேவையில்லை.

கேள்வி: தெரு நாய்களைப் பிடித்துப் போனவர்கள் சில நாட்களில் அதே தெருவில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இது என்ன கூத்து?

விதி அப்படித்தான். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமாகக் கடிப்பவற்றையும் விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. காதில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்த நாய். வெட்டில்லாதவற்றை மட்டும் குறித்து மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள்.

கேள்வி: பக்கத்து மனையில் விடிய விடிய கான்கிரீட் போடுகிறார்கள். பகலில் லாரி வர முடியாதாம்.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தமெழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டக்கூடாது. அவர்களின் லாரிச் சிக்கலுக்கு விதியில் இடமில்லை. அந்த நேரத்திலேயே 100-ஐ அழையுங்கள். மறுநாள் சொன்னால் நிரூபிக்க முடியாது.

கேள்வி: பெரிய கடைகளில் தீப்பிடித்தால் பக்கத்தில் குடியிருக்கும் எங்கள் கதி என்ன?

பயப்படக் காரணம் இருக்கிறது. 2017 மே 31-இல் உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடை தீப்பற்றியதையும், ஒரு நாளுக்கு மேல் எரிந்து பிறகு அந்தக் கட்டடத்தையே இடிக்க வேண்டி வந்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. கட்டடத்தைச் சுற்றி விடும் காலியிடம் தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கு. அதில்தான் ஜெனரேட்டர், அட்டைப்பெட்டிக் கிடங்கு, ஊழியர் சாப்பாட்டுக் கூடம் எல்லாவற்றையும் தகரம் வேய்ந்து நுழைத்துவிடுகிறார்கள். அனுமதித்த வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். காலியிடம் எத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும். தரையில் எத்தனை இருக்கிறது என்று உங்கள் மொட்டைமாடியிலிருந்தே தெரியும்.

கேள்வி: 1913-இல் புகார் கொடுத்தால் இரண்டு நாளில் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. எதுவும் தீர்ந்திருப்பதில்லை. பிறகு எதற்குப் புகார்?

இது எனக்கும் நடந்திருக்கிறது, அதுவும் நான் வேலை பார்த்த துறையிலேயே. அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள புகார் எண்தான் உங்கள் கையிலுள்ள ஆயுதம். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: இந்த எண்ணுள்ள புகாருக்காக எந்தத் தேதியில், எந்தப் பதவியில் உள்ளவர் இடத்தைப் பார்வையிட்டார்; என்ன வேலை செய்யப்பட்டது; அதற்கான புகைப்படம் எங்கே? 30 நாளில் பதில் தர வேண்டும். உடைந்த மூடி ஒன்றுக்காக நான் அப்படிக் கேட்டபோது, பதில் வருவதற்கு முன்பே உதவிப் பொறியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "சார், அந்த மூடியை மாற்றிவிட்டோம், ஒரு தடவை வந்து பார்த்துவிடுங்கள்" என்றார். போய்ப் பார்த்தேன், மாற்றியிருந்தார்கள். பக்கத்து மூடி அப்படியே உடைந்து கிடந்தது. அதற்கு எண் வாங்கவில்லையே என்றார்.