ஹட்டன் வீடு ஏன் விலைபோகவில்லை?

வணக்கம். ஹட்டனில் 12 பேர்ச் காணியில் அப்பா கட்டிய வீட்டை இரண்டு வருஷமாக விற்கப் பார்க்கிறோம். இக்மன் இணையத்தளத்தில் விளம்பரம் போட்டோம், நாலைந்து புரோக்கர்மாரிடமும் சொன்னோம். வருகிறவர்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள், பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறார்கள், “யோசித்துச் சொல்கிறோம்” என்று போய்விடுகிறார்கள். விலையை இரண்டு தரம் குறைத்தாயிற்று. வீட்டில் தோஷம் என்கிறார் சித்தப்பா. அப்பா, அம்மா இருவரும் இல்லை; காணி உறுதிப் பத்திரம் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. அண்ணா டொரொன்டோவில், நான் வத்தளையில். இன்னும் குறைக்கலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

இப்போதைக்குக் குறைக்காதீர்கள். வந்தவர்கள் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே வெட்டிய மண்மேடும் அதைத் தாங்கும் மதிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயக் குடியிருப்புகள் மண்ணுக்குள் போனதை நம் ஆட்கள் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மலைகள் சரிந்ததையும் பார்த்துவிட்டார்கள். அந்தப் பயத்தோடு வருகிறவரிடம் விலையைக் குறைத்தால், “ஏதோ இருக்கிறது, அதனால்தான் குறைக்கிறார்கள்” என்றுதான் அவருக்குத் தோன்றும்.

முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, காணியின் மண்சரிவு அபாயம் பற்றி எழுத்தில் ஓர் அறிக்கை வாங்குங்கள். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். மதிலில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் வேரும் மண்ணும் அடைத்துக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். வெளியேற வழியில்லாமல் தேங்கும் தண்ணீர்தான் பல மதில்களை முன்னால் தள்ளுகிறது. மேட்டுக்கு மேலே ஓடும் வடிகானைத் துப்புரவாக்கி, தண்ணீர் உங்கள் காணிக்குள் இறங்காமல் பக்கவாட்டில் போக விடுங்கள். கூரைத் தண்ணீரும் மதிலடியில் விழக்கூடாது. தரையில் வெடிப்பு, திடீரென்று இறுகிப்போன கதவு, சாய்ந்த மரம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அறிக்கை எடுக்க வருகிறவர்களிடம் நீங்களே காட்டுங்கள். வெடிப்பின் மேல் பெயின்ட் பூசிவிடாதீர்கள். ஒரு சுவர் மட்டும் புதுசாக மினுங்கினால் விஷயம் தெரிந்தவர் அங்கேதான் கையை வைத்துப் பார்ப்பார்.

அறிக்கை பாதகமாக வந்தால் அதை மறைத்து விற்க மட்டும் நினைக்காதீர்கள். அந்த வீட்டில் இன்னொருவருடைய பிள்ளைகள் தூங்கப்போகிறார்கள். என்ன செய்தால் சரிவு தாங்கும் என்று கேட்டுச் செய்யுங்கள். செய்ய முடியாது என்றால் விற்காமல் இருப்பதுதான் நியாயம்.

அறிக்கை நல்லதாக வந்தால், வீட்டை மழையில் காட்டுங்கள். எல்லோரும் வெயில் வரட்டும் என்று காத்திருப்பார்கள். ஜூலை, ஓகஸ்டில் பண்டாரவளைப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். உங்கள் பக்கம் அப்போது தென்மேற்குப் பருவமழை. ஹட்டனில் வீடு வாங்குகிறவருக்கு அந்த மழையோடுதான் வாழ்க்கை. கொட்டும் மழையில் சீலிங் காய்ந்திருப்பதையும் கானில் தண்ணீர் ஒழுங்காக ஓடுவதையும் நேரில் பார்த்தால் அவர் பயம் பாதி குறையும்.

அடுத்தது உறுதி. இலங்கையில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிற விதி. இறந்தவர் பெயரில் இருக்கும் உறுதியை வைத்துக்கொண்டு அந்த இடம் வரைக்கும் போக முடியாது. சொத்தின் பெறுமதியைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமென்டரி வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றும் வழக்கு, தேவைப்படலாம். அண்ணா வர முடியாவிட்டால் டொரொன்டோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் தன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் அட்டோர்ணிப் பத்திரம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதை இங்கே பதிய வேண்டும். இதை முடிக்காமல் யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள். வாங்குகிறவர் வங்கிக் கடன் எடுப்பவராக இருந்தால், வங்கியின் சட்டத்தரணி முதலில் கேட்பது இதைத்தான்.

இன்றைக்கும் தேயிலைத் தோட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தாங்கள் தலைமுறையாக வாழும் லயக் காம்பராவுக்கு ஓர் உறுதி கிடையாது. அப்படிப்பட்ட மண்ணில் உங்கள் அப்பா தன் பெயரில் 12 பேர்ச் எழுதி வாங்கியிருக்கிறார். அதை அவசரத்தில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

புரோக்கர் ஒருவர் போதும். நாலு பேர் நாலு விலை சொன்னால் சந்தேகம்தான் வளரும். வங்கிகளுக்கு மதிப்பீடு செய்யும் ஒருவரிடம் பெறுமதி கேட்டு, அதைத் தாண்டாமல் ஒரே விலையாகச் சொல்லுங்கள். தோஷத்துக்குப் பரிகாரம் செய்தால் சித்தப்பாவின் மனம் ஆறும் என்றால் செய்யுங்கள், அதில் தப்பில்லை.

அப்புறம், வீட்டைப் பூட்டி வைக்காதீர்கள். ஹட்டன் பனிக்குப் பூட்டிய வீடு சீக்கிரம் பூஞ்சணம் பிடித்துவிடும். நம்பிக்கையான உறவினர் யாராவது இருந்து அடுப்பு மூட்டட்டும். வாடகைக்குக் கொடுப்பதானால் எத்தனை மாதம், எப்போது வெளியேற வேண்டும் என்பதை நொத்தாரிசிடம் எழுதிக்கொள்ளுங்கள். ஆள் இருக்கிற வீட்டை வாங்க இங்கே பலரும் தயங்குவார்கள்.