எட்டாவது வாரத்தில் ஈஸ்ட்ரடையால் 640: பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. முதல் கர்ப்பம், எட்டாவது வாரம். சிகிச்சை எதுவும் இல்லாமல் தங்கியது. போன வாரம் ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பு தெரிந்தது. நாத்தனார் சொன்னாரே என்று லேபில் ஒரு ஹார்மோன் பேக்கேஜும் எடுத்தேன். ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோன் 640 பிகோகிராம் என்று வந்திருக்கிறது. இந்த வாரத்தில் ஆயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்கிறார்கள். கரு கலைந்துவிடுமோ என்று தூக்கமே வரவில்லை. மாத்திரை போட வேண்டுமா? திரும்ப டெஸ்ட் எடுக்கட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 640 குறைவே இல்லை.

பல லேப்களில் பயன்படும் ஒரு பரிசோதனை முறையில், முதல் மூன்று மாதத்துக்கான அளவே சுமார் 150 முதல் 3,200 பிகோகிராம் வரை. இருபது மடங்கு இடைவெளி! நல்லபடியாக வளரும் கர்ப்பங்களே இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் பரவிக் கிடக்கின்றன. அதிலும் நீங்கள் இருப்பது ஒரு கைமாறும் கட்டம். ஆரம்பத்தில் சினைப்பைதான் இந்த ஹார்மோனைச் சுரக்கும். ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் அந்த வேலையை நஞ்சுக்கொடி எடுத்துக்கொள்ளும்.

ரிப்போர்ட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் மாதவிடாய்ச் சுழற்சிக்கான அளவாக இருக்கும், கர்ப்பத்துக்கானது அல்ல. அலகையும் கவனியுங்கள். வெளிநாட்டு அட்டவணைகள் சிலவற்றில் பிக்கோமோல் கணக்கு இருக்கும். உங்கள் 640 அதில் சுமார் 2,350. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டிருந்தால், சில கருவிகள் ஈஸ்ட்ரடையாலை உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

கர்ப்பத்தில் அளந்து பார்க்கப் பயனுள்ள ஈஸ்ட்ரோஜன் வேறு ஒன்று: ஈஸ்ட்ரியால். குழந்தையின் அட்ரினல் சுரப்பி மூலப்பொருளைத் தர, குழந்தையின் கல்லீரல் அதை மாற்ற, நஞ்சுக்கொடி அதை ஈஸ்ட்ரியாலாக முடித்துத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அதனால்தான் ஒரு காலத்தில் கர்ப்பிணிகளின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து வைத்து இதை அளந்தார்கள். குழந்தையின் நலத்தை அது நம்பகமாகச் சொல்லவில்லை, ஸ்கேனும், குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சி.டி.ஜி.யும் வந்தபின் வழக்கொழிந்தது. இன்று 15 வாரத்துக்குப் பிறகு, பிறவிக் குறைபாடுகளுக்கான வாய்ப்பைக் கணிக்க எடுக்கும் குவாட்ருப்பிள் டெஸ்ட் என்ற ரத்தப் பரிசோதனையில் நாலில் ஒன்றாக இருக்கிறது. அங்கேயும் தனி எண்ணாகப் படிப்பதில்லை. கர்ப்பத்தின் வாரம், தாயின் எடை, மற்ற மூன்று அளவுகள் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. ஒரு நொதி குறைவோடு வளரும் ஆண் குழந்தைகள் சிலரால் தாயின் ரத்தத்தில் ஈஸ்ட்ரியால் ஏறக்குறைய இல்லாமலே போகும். அவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்தபின் இருப்பது தோல் வறண்டு செதில் உதிரும் பிரச்சினைதான்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் குறைவதால்தான் கரு கலைகிறது என்று நம்பி, 1940-களிலிருந்து அமெரிக்காவில் டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-இல் சிகாகோவில் நடந்த ஆய்விலேயே அதனால் பலனில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. 1971-இல், அந்தத் தாய்மார்களின் மகள்களுக்கு இளம் வயதிலேயே அரிய வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது வெளிவந்தது. இன்றைய மாத்திரைகள் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயத்துக்காக ஹார்மோன் கொடுக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மறக்கக் கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு, ஐ.வி.எஃப். சிகிச்சை. உறைய வைத்த கருவை மாத்திரை உதவியோடு பதித்தவர்களுக்குச் சினைப்பையின் சுரப்பு இருக்காது. வெளியிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜன் போக வேண்டும். அவர்கள் டாக்டர் சொல்லும் நாள்வரை தொடர வேண்டும், தாங்களாக நிறுத்தவே கூடாது.

உங்களுக்கு இதயத்துடிப்பு தெரிந்துவிட்டது. எட்டாவது வாரத்தில் எந்த ரத்தப் பரிசோதனையும் அதைவிடப் பெரிய ஆறுதலைத் தராது. ஃபோலிக் ஆசிட்டை விடாமல் போடுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் என்.டி. ஸ்கேனும் (குழந்தையின் கழுத்தின் பின்புறத்தை அளப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் எடுக்க இப்போதே தேதி கேட்டு வையுங்கள். நடுவில் ரத்தப்போக்கு, தாங்க முடியாத அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் எது வந்தாலும் லேபுக்கு அல்ல, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.