எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற பிறகும் இடுப்பு ஏன் வலிக்கிறது?

"வயது 41. நடந்தாலும் படியேறினாலும் வலது இடுப்பு வலிக்கிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். நான் நிற்கும், நடக்கும், உட்காரும் முறையால் மூட்டு தேய்ந்துகொண்டிருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை மட்டும் மாற்றினால், ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் பார்ப்பவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. நான் மருத்துவர் அல்லேன்; 23 ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். மருத்துவச் செய்தியாக இங்கே எழுதுபவை, எனக்குச் சிகிச்சை அளித்தவர் விளக்கியவையும் அவற்றைச் சரிபார்க்க நான் தேடிப் படித்தவையுமே.

எனக்கு எட்டு மாதங்கள் வீணாயின. அதற்கு முதற்காரணம் 'இடுப்பு' என்ற சொல். நம் பேச்சில் சேலையைச் செருகும் இடமும் இடுப்பு, முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஒக்கலும் இடுப்பு, தொடையெலும்பின் பந்து இடுப்பெலும்பின் கிண்ணத்தில் பொருந்தும் மூட்டும் இடுப்பு. நான் 'இடுப்பு வலி' என்றேன். மருத்துவமனையில் அதை முதுகு வலி என்று எடுத்துக்கொண்டு முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நாற்பதைக் கடந்த பலருக்கு, வலியே இல்லாதவர்களுக்கும்கூட, இருப்பதைப் போல எனக்கும் முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையே உள்ள ஒரு தட்டு சற்றே பிதுங்கியிருந்தது. பழி அதன்மேல் விழுந்தது. இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு மூன்று மாதம் பள்ளிக்குப் போனேன். வலி இம்மியும் குறையவில்லை. அடுத்து வேறோரிடத்தில் பத்து நாள் மின்சூடு வைத்தார்கள். கருவியைப் பொருத்திவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார்கள். நடந்தால் வலிக்கிறது என்று வந்தவளைப் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

மூன்றாவதாகப் போன இடத்தில் ஓர் இளம் இயன்முறை மருத்துவர் இருந்தார். படங்களை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே, "எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள் டீச்சர்" என்றார். தொடையின் வெளிப்புறத்தில், ஒருக்களித்துப் படுத்தால் பாயில் அழுந்துமே, அந்த எலும்பு முனையைத் தொட்டுக் காட்டினேன். மூட்டுக்குள்ளே கோளாறு என்றால் பெரும்பாலோர் கவட்டியை, அதாவது தொடைச்சந்தின் முன்புறத்தைக் காட்டுவார்கள் என்றும், கால்நகம் வெட்டவும் சம்மணமிடவும் அவர்களுக்குச் சிரமமாக இருக்கும் என்றும் சொன்னார். எனக்கு அவை இரண்டும் எளிதாகவே வந்தன. பிறகு, "வகுப்பில் எப்படி நிற்பீர்களோ அப்படியே நில்லுங்கள்" என்றார். நான் இயல்பாக நின்றேன். உடல் எடை முழுவதும் வலக்காலில் இருந்தது, இடது முழங்கால் தளர்ந்து மடிந்திருந்தது, வலது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது. அதை அவர் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டும் வரை, நான் நேராக நிற்பவள் என்றே நம்பியிருந்தேன். வலக்காலை மட்டும் ஊன்றி நிற்கச் சொன்னபோது இடப்பக்க இடுப்பு கீழே சரிந்தது. இச்சரிவை 1895இல் எடுத்துரைத்த ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க்கின் பெயரால் இச்சோதனை இன்றும் வழங்குகிறது.

ஏன் சரிகிறது என்பதை அறிய வெள்ளிக்கோலை, அதாவது ஒரு கை நீண்டும் மறு கை குட்டையாகவும் கயிற்றில் தொங்கும் பழைய தராசை, நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டுதான் அந்தக் கோலைத் தாங்கும் கயிறு. உள்பக்கம் உடல் எடை நீண்ட கையில் தொங்குகிறது. வெளிப்பக்கம் புட்டத்தின் நடுத்தசை குட்டையான கையிலிருந்து அதை இழுத்துப் பிடிக்கிறது. கை குட்டை என்பதால் தசை உடல் எடையைப் போல இரு மடங்கு அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. எடையும் இழுவிசையும் சேர்ந்து மூட்டின்மேல் இறங்குகின்றன. பெர்லினில் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியைப் பதித்து அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போதே மூட்டின்மேல் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுகிறது. படியேறும்போது இன்னும் சற்றுக் கூடுகிறது. நடை என்பது ஒற்றைக்கால் நிற்றல்களின் தொடர்தானே.

அந்தத் தசையின் நாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற பகுதி, நான் தொட்டுக் காட்டிய எலும்பு முனையில்தான் வந்து பற்றுகிறது. அதன்மேல் தொடையின் வெளிப்புறப் பட்டை ஒன்று ஓடுகிறது. இடுப்பை ஒரு பக்கம் தள்ளி நிற்கும்போதும், கால்மேல் கால் போடும்போதும், ஒருக்களித்துப் படுத்து மேற்காலை முன்னால் சரியவிடும்போதும் தொடை உடலின் நடுக்கோட்டை நோக்கி வந்துவிடுகிறது. அப்போது அந்தப் பட்டை நாணை எலும்போடு வைத்து அழுத்துகிறது. பல ஆண்டுகளாக இப்படி அழுந்திய நாண் நலிந்துபோயிருந்தது. மூட்டு நன்றாகவே இருந்தது. காணொளி ஒன்றைப் பார்த்து, முழங்காலை மார்புக்குக் குறுக்கே இழுக்கும் பயிற்சியை நான் நாள்தோறும் செய்துவந்தேன்; அது வலியைக் கூட்டிக்கொண்டே போனதற்கும் இந்த அழுத்தமே காரணம்.

வகுப்பில் ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை நிற்கிறேன். இடக்கையில் புத்தகம், வலக்கையில் சுண்ணக்கட்டி, எடை வலக்காலில். அதற்கு முன்னால் இரண்டு குழந்தைகளை ஒக்கலில் வைத்தே வளர்த்தேன். அதற்கும் முன்னால் ஊரில் அடிகுழாயிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர்க்குடம் சுமந்தேன். மூன்றிலும் உடல் வளையும் விதம் ஒன்றுதான். இவையே நோயைக் கொண்டுவந்தன என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். குடம் சுமந்த எல்லாருக்கும் இடுப்பு வலிக்கவில்லை. நாற்பதைக் கடந்த பெண்களுக்கு இந்த நாண் நலியும் நோய் கூடுதலாக வருகிறது. எனக்கு அப்போது எடையும் கூடியிருந்தது.

வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். போட்டுக்கொண்டேன். ஐந்து வாரம் நிம்மதியாக இருந்தேன்; பிறகு பழைய வலி திரும்பிவிட்டது. ஆஸ்திரேலியாவில் இதே நோயுள்ள 204 பேரை மூன்று பிரிவுகளாக்கி ஆராய்ந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிற்கும் முறையைத் திருத்திப் பயிற்சியும் செய்தவர்களில் 77 விழுக்காட்டினர் எட்டு வாரத்தில் தங்கள் இடுப்பு நன்கு தேறியதாகச் சொன்னார்கள். ஊசி போட்டவர்களில் 58 விழுக்காட்டினரும், பொறுத்திருந்து பார்த்தவர்களில் 29 விழுக்காட்டினரும் அவ்வாறு சொன்னார்கள். ஊசியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் மருத்துவர் முதலில் எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்குச் சொல்லப்பட்டவை இவ்வளவுதான். இரு காலிலும் எடையைப் பகிர்ந்து நிற்க வேண்டும். உறங்கும்போது முழங்கால்களுக்கு இடையே தடித்த தலையணை வைக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது முழங்கால் உள்ளே மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மல்லாந்து படுத்து, கால்களை மடக்கிப் பாதத்தை ஊன்றி, புட்டத்தை மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துத் தொடைகளைப் பழைய துப்பட்டாவால் கட்டி, அதை வெளிப்புறம் தள்ளிப் பிடிக்க வேண்டும். பிறகு தாழ்ந்த படி ஒன்றில் ஏறி இறங்க வேண்டும். பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் அஞ்ச வேண்டாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். வலி மிகுந்த நாள்களில் கைத்தடியை வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்கச் சொன்னார். நான் அதுவரை வலிக்கும் பக்கத்திலேயே குடையை ஊன்றி நடந்திருக்கிறேன். எதிர்க்கையில் ஊன்றினால்தான் வெள்ளிக்கோலின் குட்டைக் கையிலிருந்து இழுக்கும் அந்தத் தசையின் சுமை குறைகிறது. முதல் மாதத்தில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. மூன்றாம் மாதத்தில் வலப்பக்கம் படுத்து விடியும் வரை உறங்கினேன். ஐந்தாம் மாதத்தில் நினைவுபடுத்தினால்தான் வலி நினைவுக்கு வந்தது.

மூட்டு தேய்ந்துவிடுமா என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. குருத்தெலும்புக்கு இரத்த நாளம் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போது மூட்டு நீர் உள்ளே போய் வருவதால்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. தேய்மானம் வந்துவிட்டவர்களுக்கே இன்று உடற்பயிற்சியை முதல் சிகிச்சைகளில் ஒன்றாக வைக்கிறார்கள். எனவே தேய்மானத்துக்கு அஞ்சி நடையை நிறுத்திவிடாதீர்கள்; நான் எட்டு மாதம் நிறுத்திவைத்துத் தசையை இன்னும் மெலியவிட்டேன். தரையில் உட்காரவே கூடாது என்று எல்லாரிடமும் ஒன்றுபோலச் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. என் நாணைச் சம்மணம் வருத்தவில்லை, கால்மேல் கால் போடுவதுதான் வருத்தியது. ஆனால் சிலருக்குப் பந்தின் கழுத்தோ கிண்ணத்தின் விளிம்போ பிறப்பிலோ வளர்ச்சியிலோ சற்றே புடைத்திருக்கும்; ஆழக் குந்தும்போது அவர்களுக்குக் கவட்டியில் இடிக்கும். அவர்களுக்கு என் அறிவுரை பொருந்தாது.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பள்ளியில் வகுப்பறையில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடத்தவில்லை என்று பொருளாம். கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. அந்தச் செய்தித்தாளை நிர்வாகத்திடம் எடுத்துச்சென்று காட்டினேன். அது கடைகளுக்குத்தான் என்றார்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்த பிறகு எனக்கு மட்டும் ஒரு முக்காலி கிடைத்தது. பக்கத்து வகுப்பில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் நின்றபடியே கணக்கு நடத்தினார்.

எல்லா இடுப்பு வலியும் நிற்கும் முறையால் வருகிறது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே விழுந்த பின் வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காலையே ஊன்ற முடியாத வலி, காரணமின்றி உடல் மெலிவதோடு சேர்ந்த வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உட்கொண்டவர்களுக்கும் மது மிகுதியாக அருந்துபவர்களுக்கும் தொடையெலும்பின் பந்துக்கு இரத்த ஓட்டம் குன்றி எலும்பு மடியக்கூடும். தொடக்கத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது 'இடுப்பு வலி' என்று மட்டும் சொல்லாமல் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். நீங்கள் ஒற்றைக்காலில் நிற்பதையும் நடப்பதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வலி கவட்டியிலா, வெளிப்புறத்திலா என்பதைக் கீழே எழுதினால், எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.