இயற்கையின் ஒழுங்கை வைத்துக் கடவுள் உண்டு என்று நிறுவ முடியுமா?

"கண் இத்தனை நுட்பமாக இருக்கிறதே, படைத்தவர் இல்லாமலா?" என்ற வாதம் கடவுளை நிறுவாது என்பதே என் பதில். அதற்காகக் கடவுள் இல்லை என்றும் ஆகிவிடாது.

வலுவான மறுப்பு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமுடையது; அவர் இறந்தபின் 1779இல் வெளியானது. வீட்டைப் பார்த்ததும் கட்டியவரை நினைக்கிறோம், ஏனென்றால் வீடு கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். பிரபஞ்சம் உருவாவதை யார் பார்த்தார்கள்? ஒப்பிட இன்னொன்றும் இல்லை. சரி, ஒப்புமையை ஏற்றாலும் படைத்தவர் ஒருவரா, பலரா, இன்னும் இருக்கிறாரா? இங்கேதான் வாதம் திணறுகிறது.

அப்புறம் 1859இல் டார்வின், திட்டமிடாமலே நுட்பம் சேரும் வழியை இயற்கைத் தேர்வில் (சூழலுக்குப் பொருந்தியவை தப்பிப் பெருகுவதில்) காட்டினார். அதே கண்ணைப் பாருங்கள்: நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளியுணர் செல்களுக்கு முன்னால் ஓடி, ஓரிடத்தில் துளைத்து வெளியேறுகின்றன. அங்கே பார்வை கிடையாது. ஆக்டோபஸ் கண்ணில் அந்தக் குருட்டுப்புள்ளி இல்லை. திட்டமிட்ட படைப்பென்றால் நம் கண்ணில் இந்தக் குறை ஏன்?